தவராசா குடிக்காத நாட்கள்

திருகோணமலைத் துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச் பிடித்த தவராசா குடிவெறியில் ஒருநாளும் சுமையைத் தவறவிட்டதில்லை. சாராயத்தை விட்ட மூன்றாம் நாள்தான் அவருடைய பிடியில் இருந்த தேயிலைப் பெட்டிகள் கீழே நின்ற கூட்டாளியின் மேல் விழுந்தன. ஊர் அதை நம்பவில்லை. ஒரு வெறியன் நல்ல மனிசனொருவனைக் கொன்றுபோட்டான் என்றுதான் சாராயத் தவறணையிலும் சந்தையிலும் கதை நடந்தது. பல வருடம் தவராசாவின் மனைவி கனகம்மாவும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தார்.

தவராசாவுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுக்குள் ஒரு பதட்டம். யாராவது பின்னால் வந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடும். கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தால் பூட்டினோமா என்று எழும்பிப் போய்ப் பார்ப்பார். வெள்ளைக்காரர் காலத்தில் அவர்களுடைய கடற்படை டொக்யாட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பத்தேழில் அவர்கள் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போக, அவருடைய வேலையும் போனது. சில காலம் சும்மா திரிந்துவிட்டு, கப்பல்களில் தேயிலை ஏற்றும் கொம்பனி ஒன்றில் சேர்ந்தார். உட்துறைமுகத்தில் கப்பல்கள் நடுவே நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து பெட்டிகளைப் பெரிய வள்ளங்களில் கொண்டுபோய்ப் பக்கத்தில் அணைப்பார்கள். வள்ளத்தில் நிற்பவர்கள் பெட்டிகளைக் கயிற்றில் கட்டிக் கொடுக்க, கப்பல் தட்டில் வின்ச் பிடிப்பவர் அவற்றைத் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்குவார். பிடியை இழுக்கும் கை ஒரு நெல்லளவு பிசகினாலும் சுமை ஆடும்.

அந்த வேலையை அவரிடம் முதன்முதலில் கொடுத்த நாள் அவர் பிடியைத் தொடவே பயந்து நின்றார். பழைய வின்ச்காரர் ஒருவர் ஒரு மிடறு சாராயம் கொடுத்தார். அது உள்ளே இறங்கிய கொஞ்ச நேரத்தில் தவராசாவின் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. நெஞ்சுக்குள் பிறந்த நாளிலிருந்து அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஓய்ந்தது. மற்றவர்கள் எல்லாரும் எப்போதும் இப்படித்தான் இருக்கிறார்களா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்ததாம். கலியாணமான புதிதில் கனகம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு வெறி விருப்பமில்லைக் கனகம். அந்த அமைதிதான்."

அந்த அமைதி வருவதற்கு முதலில் ஒரு மிடறு போதுமாக இருந்தது. பிறகு கால் போத்தல். பிறகு அரைப் போத்தலிலும் அது வரவில்லை. அமைதிக்காகக் குடித்தவர், கை நடுங்காமல் இருப்பதற்காகக் குடிக்கத் தொடங்கினார். காலையில் கனகம்மா கொடுக்கும் தேத்தண்ணிக் கோப்பை அவர் கையில் தட்டோடு மோதிக் கிணுகிணுக்கும். பாதி இடுப்புச் சறத்தில் சிந்திவிடும். அலுமாரிக்குப் பின்னால் போய் ஒரு மிடறு விழுங்கிவிட்டு வந்தால் அதே கை கல்லாக நிற்கும். அதனால் அவர் சாராயத்தை மருந்தென்றே நம்பினார். வியாதியும் அதுதான் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

லாபிர் கிண்ணியாக்காரர். ஒவ்வொரு நாளும் தோணித்துறையைக் கடந்து வேலைக்கு வருவார். வள்ளத்தில் பெட்டி கட்டும் கூட்டத்துக்கு அவர்தான் தலை. சாராயத்தைக் கையால் தொடாதவர், ஆனால் தவராசாவை ஒருநாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. மத்தியானத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்துதான் சோற்றுப் பொதியை அவிழ்ப்பார்கள். லாபிரின் வீட்டுப் பொரித்த மீன் தவராசாவுக்கு வரும், கனகம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பு லாபிருக்குப் போகும். தவராசா அடிக்கடி இருமி, முகம் வீங்கி, சாப்பாட்டைப் பாதியில் விடத் தொடங்கியதை முதலில் கண்டவரும் லாபிர்தான்.

எழுபத்து நான்காம் ஆண்டு புரட்டாதியில் நோன்பு மாதம் பிறந்தது. அதற்கு முந்திய வாரம், சோற்றுப் பொதியை மடித்து வைத்துவிட்டு லாபிர் கேட்டார்.

"மச்சான், ஒரு மாசத்துக்குப் பகல்ல ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்காம இந்தப் பெட்டியெல்லாம் தூக்கப் போறன். நீ அந்தப் போத்தல ஒரு மாசத்துக்கு உட மாட்டியா?"

"ஏலாது லாபிர். உனக்கு விளங்காது."

"எனக்கு நோன்பும் முதல்ல ஏலாதெண்டுதான் இருந்திச்சு. எனக்காக ஒருக்கா உட்டுப் பாரு. பெருநாளுக்கு நீயும் கனகம்மாவும் எங்கட ஊட்டுக்கு வரணும். உன்ர முகத்த நல்லா வச்சிக்கொண்டு வரணும்."

தவராசா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, நோன்பு பிறக்கும் அன்று தானும் விடப்போவதாகக் கனகம்மாவிடம் சொன்னார். அன்று விடியவே கனகம்மா எழும்பினார். அலுமாரிக்குப் பின்னால் இருந்ததையும், கோழிக்கூட்டுக்கு மேலே இருந்ததையும் எடுத்துக்கொண்டுபோய்ச் சிரித்தபடி கிணற்றடியில் ஊற்றினார். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்துப் பல காலம்.

முதல்நாள் தவராசா வேர்த்துக் கொட்டினார். இரண்டாம் நாள் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை. நித்திரையே இல்லை. கோழி சிறகடித்தால்கூடத் துள்ளி எழும்பினார். கனகம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சொன்னார். "கெட்டதெல்லாம் வெளியில போகுது. பொறுங்கோ. இன்னும் ரெண்டு நாள்." மூன்றாம் நாள் வேலைக்குப் போகவேண்டாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வேலைக்குப் போனால் மனம் மாறும் என்று கனகம்மாவே சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

வெயில் கண்ணுக்குள் ஊசியாகக் குத்தியது. வின்ச்சின் சத்தம் தலைக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. கீழே வள்ளத்திலிருந்து லாபிர், உலர்ந்த உதட்டோடு அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"எப்பிடி மச்சான்?"

"இருக்கிறன்."

"கெட்டிக்காரன்! தூக்கு!"

பெட்டிகள் மேலே வந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற இன்னொரு கப்பல் புறப்படுவதற்காக ஊதியது. ஒவ்வொரு நாளும் ஊதுகிற ஊதல்தான். தவராசாவின் உடம்பு முழுவதும் ஒரு துள்ளுத் துள்ளியது. பிடி கையோடு இழுபட்டது. சுமை ஒரு பக்கம் ஆடிக் கப்பல் விளிம்பில் மோத, கயிறு நழுவியது. மற்றவர்கள் பாய்ந்து விலகினார்கள். லாபிர் அப்போதும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

தட்டுக்கு ஓடிவந்த மேற்பார்வையாளர் கண்டது வேர்வையில் குளித்து, கண் சிவந்து, கை கால் உதறிக்கொண்டு நின்ற ஒரு மனிதனை.

"வெறியில நிக்கிறான்!" என்றார்.

"நான் குடிக்கேல்லை. ஐயா, நான் விட்டிட்டன். என்ர வாயை மணந்து பாருங்கோ. யாராவது வந்து மணந்து பாருங்கோ."

ஒருவரும் கிட்டப் போகவில்லை. பொலிஸ் கூட்டிக்கொண்டுபோய் விசாரித்து, விபத்தென்று விட்டுவிட்டது. கொம்பனி விடவில்லை. வேலை அன்றோடு முடிந்தது. பொலிசிலிருந்து வெளியே வந்த தவராசா நேரே தவறணைக்குப் போய் நின்றபடியே குடித்தார். சில நிமிடத்தில் கை நடுக்கம் நின்றது. சற்றும் அசையாத அந்தக் கையை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு அவர் சத்தம் போட்டு அழுததைக் கண்டவர்கள், வெறியில் அழுகிறான் என்றார்கள்.

கனகம்மாவுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. தான் கிணற்றடியில் ஊற்றியது உண்மை. ஆனால் இவர் வழியில் எங்காவது குடித்திருக்கலாம். இல்லாவிட்டால் வெறியில்லாத கை ஏன் அப்படித் தவறவேண்டும்? ஒருநாள் கேட்டேவிட்டார். தவராசா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர்கள் எடுக்கவில்லை.

பிறகு வந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விறகு விற்கும் இடத்தில் கூலி, மீன் சந்தையில் பெட்டி சுமக்கும் கூலி. சாராயத்துக்கு வழியில்லாதபோது கள்ளத்தனமாகக் காய்ச்சிய கசிப்பு. கனகம்மா தைத்துக் கொடுத்த சட்டைகளில் வீடு ஓடியது. எழுபத்தொன்பதில் கனகம்மாவின் தமையன் இராசையா ஒரு முடிவோடு வந்தார். நல்ல மனிதர், தங்கச்சியின் கஷ்டம் பொறுக்காதவர்.

"சொல்லித் திருந்திற ஆளில்லை இவர். அறைக்குள்ள விட்டுப் பூட்டு. நாலு நாள் கத்தட்டும். அஞ்சாம் நாள் மனிசனா வருவார்."

பூட்டினார்கள். முதல்நாள் தவராசா கெஞ்சினார். இரண்டாம் நாள் சுவரில் ஊர்கிற பூச்சிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். கனகம்மா யன்னலால் பார்த்தார். சுவரில் பூச்சி எதுவும் இல்லை. மூன்றாம் நாள் அவர் அறையின் நடுவில் நின்று, இல்லாத பிடியொன்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, "விலகு லாபிர், விலகு" என்று கத்தினார். பிறகு மரம் சாய்வதுபோல விழுந்தார். கதவைத் திறந்தபோது உடம்பு வில்லாக வளைந்து வெட்டி இழுத்தது. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் இரத்தம்.

ஆசுபத்திரியில் சிவகுருநாதன் என்ற இளம் டொக்டர் இருந்தார். ஊசியும் மருந்துமாக அவர்தான் தவராசாவை மீட்டார். ஆபத்துக் கடந்த பிறகு கனகம்மாவைக் கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தினார்.

"அம்மா, எத்தனை நாளா இவருக்குக் குடிக்கக் குடுக்கேல்லை?"

"மூண்டு நாள் ஐயா. பூட்டி வைச்சனாங்கள். இவ்வளவு குடிச்ச நேரமெல்லாம் வராத வலிப்பு, நிப்பாட்டினாப் பிறகு ஏன் ஐயா வந்தது?"

"நிப்பாட்டினபடியாத்தான் வந்தது."

கனகம்மா விளங்காமல் பார்த்தார். டொக்டர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

"மூளைக்குள்ள எண்ணேலாத அளவுக்கு நரம்புகள். ஒரு நரம்பு அடுத்த நரம்பைத் தொடுறதில்லை. நடுவில சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில ஒரு நரம்பு துளியளவு இரசாயனத்தை விடும், மற்றது அதை வாங்கும். அவை கதைக்கிறது அப்பிடித்தான். சில இரசாயனம் 'எழும்பு, ஓடு' எண்டு சொல்லும். சிலது 'ஆறு, நில்' எண்டு சொல்லும். ரெண்டும் சரிசமனா இருந்தாத்தான் நாங்கள் மனிசரா நடமாட ஏலும். சாராயம் உள்ள போனால் 'நில்' எண்டிற கதையைக் கூட்டும், 'ஓடு' எண்டிற கதையை அமத்தும். அதாலதான் முதல்ல பயம் போகும், உடம்பு தளரும்."

"அவருக்கு அதுதான் பிடிச்சது" என்றார் கனகம்மா. "அமைதி எண்டு சொல்லுவார்."

"ஓம். ஆனா மூளை சும்மா இருக்காது. ஒவ்வொரு நாளும் இப்பிடி அமத்தினால், அது தன்னை மாத்திக்கொள்ளும். 'நில்' எண்டு சொன்னாலும் கேளாத மாதிரி, 'ஓடு' எண்டு மெல்லச் சொன்னாலும் பெரிசாக் கேக்கிற மாதிரி. அதுக்குப் பிறகு குடிச்சாத்தான் அவர் சாதாரண ஆள். அந்த நேரம் சாராயத்தை ஒரேயடியா எடுத்துவிட்டால், அமத்தினது போயிட்டுது, மாறின மூளை மாறினபடியே நிக்குது. எல்லா நரம்பும் ஒண்டாக் கத்தும். அதுதான் நடுக்கம், நித்திரையின்மை, இல்லாததைக் காணுறது, வலிப்பு. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு துள்ளும்."

கனகம்மா எழுந்து நின்றார். பிறகு மறுபடி கதிரையில் இருந்தார்.

"கப்பல் ஊதினாலும் துள்ளுமோ ஐயா?"

டொக்டருக்கு அந்தக் கேள்வியின் காரணம் தெரியாது. கனகம்மா எல்லாவற்றையும் சொன்னார். நோன்பு மாதம், போத்தல், சட்டையை எடுத்துக் கொடுத்தது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"அப்பிடித்தான் நடந்திருக்கும். அண்டைக்கு அவர் வின்ச்சைத் தொட்டிருக்கவே கூடாது."

"அப்ப அவர் குடிக்கேல்லை. உண்மையாக் குடிக்கேல்லை."

"குடிச்சிருந்தால் கை நடுங்கியிராது அம்மா."

போகும்போது டொக்டர் இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு முறை திடீரென்று நிறுத்தும்போதும் மூளை அந்தக் கொந்தளிப்பைப் பழகிக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் மோசமாக வரும். இனி எப்போது விடுவதென்றாலும் ஆசுபத்திரியில் வைத்து, மருந்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடவேண்டும். வீட்டில் ஒருபோதும் செய்யக்கூடாது.

ஆசுபத்திரியிலிருந்து வந்த தவராசா சில வாரம் குடிக்கவில்லை. மெலிந்துபோயிருந்தார், ஆனால் கண் தெளிந்திருந்தது. வேலியை அடைத்தார். கனகம்மா டொக்டர் சொன்னதைச் சொல்லி, அவர் காலடியில் இருந்து அழுதார். தவராசா அவரைத் தூக்கி இருத்தினார்.

"லாபிரின்ர மனிசிக்கு இது தெரியவேணும்" என்றார்.

இரண்டு பேரும் கிண்ணியாவுக்குப் போனார்கள். லாபிரின் மனைவி நஜ்முன் நிஸா அவர்களை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் முற்றத்தில் கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தவராசா தலையைக் குனிந்தபடி சொன்னார். தான் குடித்திருக்கவில்லை என்பதை, குடியை விட்டதால்தான் கை நடுங்கியது என்பதை, மூளையைப் பற்றி டொக்டர் சொன்னதை, எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். நிஸா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவருதான் ஒங்கள உடச் சொன்னாரு" என்றார் பிறகு. "எனக்குத் தெரியும். மொத நோன்பு தொறக்கக்குள்ள சந்தோசமாச் சொன்னாரு, தவராசா உட்டுட்டான் எண்டு."

"ஓம் தங்கச்சி."

"அப்ப நீங்க குடிச்சிருந்தா அவரு இருந்திருப்பாரு. அதச் சொல்லவா வந்தீங்க?"

தவராசா கதிரையை விட்டு எழும்பினார். நிஸா தொடர்ந்தார்.

"இவ்வளவு காலமும் ஒரு குடிகாரன்ட கையால போனாரெண்டு நெனச்சிக்கிட்டு இருந்தன். ஒங்கள ஏச எனக்கு ஒரு காரணம் இருந்திச்சு. இப்ப வந்து, அவரு செஞ்ச நல்லதாலதான் போனாரு எண்டு சொல்றீங்க. இத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ற?"

அவர் குரல் உயரவில்லை. அழவும் இல்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வெளியே வரவில்லை.

அவர்கள் துறையைக் கடந்து திரும்பினார்கள். அடுத்த நாள் தவராசா குடித்தார். கனகம்மா தடுக்கவில்லை. ஆசுபத்திரிக்குப் போவோம் என்று பலமுறை கேட்டுப் பார்த்தார். "எதுக்கு?" என்ற ஒரு சொல்தான் பதில். ஆகவே கனகம்மா, வாழ்நாள் முழுவதும் வெறுத்த பொருளை, வீட்டில் ஒருபோதும் முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். காலையில் அவரே ஊற்றிக் கொடுத்தார். பக்கத்து வீடுகளில் அதைக் கண்டவர்கள், புருசனோடு சேர்ந்து இவளும் கெட்டுப்போனாள் என்றார்கள்.

எண்பத்தோராம் ஆண்டு கலவரச் செய்திகளோடு ஊரடங்குச் சட்டம் வந்தது. கடைகள் பூட்டின, தவறணையும் பூட்டியது. வீட்டில் இருந்தது முதல்நாளே முடிந்தது. அடுத்த நாள் காலையில் தவராசாவின் கை நடுங்கத் தொடங்கியபோது, இனி என்னென்ன வரும் என்று கனகம்மாவுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்திருந்தது.

வேலிப் பொட்டு இடைவெளிகளால் புகுந்து புகுந்து வீடுவீடாகப் போனார். "கொஞ்சம் சாராயம் இருக்கோ? அவருக்கு மருந்துக்கு" என்று கேட்டார். சிலர் கதவைச் சாத்தினார்கள். தமையன் இராசையாவின் வீட்டில் ஒரு போத்தல் இருப்பது அவருக்குத் தெரியும்.

"உனக்கும் விசரோ பிடிச்சது? கடவுளாப் பார்த்து நிப்பாட்டியிருக்கிறார். இந்த முறையாவது விடட்டும்."

"அண்ணை, திடீரெண்டு விட்டால் ஆள் தப்பாது. டொக்டர் சொன்னவர். மூளைக்குள்ள…"

"குடியாமல் செத்த ஆளெண்டு எங்கயாவது கேள்விப்பட்டிருக்கிறியோ? போ, வீட்டுக்குப் போ. வெளியில திரியாதே."

அவர் தங்கச்சியின் நன்மைக்காகத்தான் அப்படிச் சொன்னார். கனகம்மா அதற்குமேல் நிற்கவில்லை. ஆசுபத்திரிக்குப் போக வழி கேட்போம் என்று சந்திவரை போனார். காவலுக்கு நின்றவர்கள் துவக்கை நீட்டி மறித்தார்கள். வருத்தம், நோய் என்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரேயொரு சிங்களச் சொல் "லெட." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்களில் ஒருவன் கையால் வீட்டுப் பக்கத்தைக் காட்டினான்.

கடைசியில் நல்லம்மா என்ற அயல்வீட்டுக்காரி, மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று வைத்திருந்த பிராந்தியில் மிஞ்சியதைக் கொடுத்தார். இரண்டு மூன்று கரண்டிதான் இருக்கும். கனகம்மா அதைக் கொண்டு ஓடிவந்தபோது தவராசா சுவரோடு ஒடுங்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தார்.

"கனகம், ஏன் எல்லாரும் கத்தீனம்?"

"ஒருத்தரும் கத்தேல்லை. இதைக் குடியுங்கோ. என்ர ராசா, இதைக் குடியுங்கோ."

ஒரு கரண்டி உள்ளே போனது. மற்றது வாயோரத்தால் நாடியில் வடிந்தது. பிறகு வலிப்பு வந்தது. விட்டு விட்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் கனகம்மா அவர் தலையை மடியில் எடுத்து வைத்து, வாயைத் துடைத்துவிட்டு, தெருவில் ஏதாவது வாகனச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். வெயில் சாயும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் ஊரடங்கைச் சற்று நேரம் தளர்த்தினார்கள். அதற்குள் பிரேதத்தை எடுக்கவேண்டியிருந்தது. பறையும் இல்லை, ஆட்களும் இல்லை. இராசையாவும் அயலவர் சிலரும்தான் தூக்கினார்கள். வாசல் படலையடியில் நின்று இராசையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசியில குடி அவரைக் கொன்று போட்டுது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கனகம்மா உள்ளே போய்ப் பிராந்திக் கரண்டியைக் கழுவி வைத்தார்.

நிலைமை அடங்கிய பிறகு ஒருநாள், நடந்ததை டொக்டரிடமாவது சொல்லவேண்டும் என்று அவர் ஆசுபத்திரிக்குப் போனார். டொக்டர் சிவகுருநாதன் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருடைய இடத்தில் இருந்தவர் மரியாதையான மனிதர். என்ன வருத்தம் அம்மா என்று கேட்டார்.

"எனக்கு ஒண்டுமில்லை ஐயா" என்றார் கனகம்மா. வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்தவர்களைத் தாண்டி வெளியே வந்து, கடற்கரைத் தெருவால் வீட்டுக்கு நடந்தார்.